ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் பல வகை ரெக்கார்டுகள்: ஆக்சஸுக்குள் கொண்டுவருவதும் வெளியே எழுதுவதும்

கரூர்_பேரோல் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கரூரில் பெட்ஷீட், கிச்சன் டவல் ஏற்றுமதி செய்யும் ஒரு யூனிட்டில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸில் வைத்திருந்தார். இப்போது ஆக்சஸ் 2016-இல் ஓடுகிறது. டேபிள், க்வெரி, ரிப்போர்ட் வரை எனக்குப் பழக்கம். மாட்யூலில் (விபிஏ கோடு) ஓரளவு எழுதுவேன்.

சிக்கல் டெக்ஸ்ட் ஃபைல்களில். மூன்று தினுசு வருகிறது.

முதலாவது, பழைய காலாண்டு டிடிஎஸ் ஃபைல்கள் (சம்பளத்தில் பிடித்த வருமான வரிக் கணக்கு, 24க்யூ படிவம்). ^ குறியால் பிரித்தது. முதல் வரி எஃப்எச் (ஃபைல் தலைப்பு), அடுத்தது பிஎச் (தொகுப்பின் தலைப்பு), அப்புறம் சிடி (வரி கட்டிய செலான்), அதன் கீழே டிடி (வரி பிடிக்கப்பட்ட நபர்) வரிகள் என்று போகிறது. இவற்றை டேபிளுக்குக் கொண்டுவந்து சம்பளப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். இரண்டாவது, வங்கிக்கு அனுப்பும் சம்பள ஃபைல். அதில் பிரிப்புக் குறியே கிடையாது, இத்தனாவது எழுத்திலிருந்து இத்தனாவது எழுத்துவரை என்று கணக்கு. மேலே ஒரு எச் (தலைப்பு) வரி, நடுவில் ஆளுக்கொன்றாக டி (விவர) வரிகள், கடைசியில் ஒரு டி-ஆர் (மொத்த) வரி. வங்கி திருப்பி அனுப்பும் முடிவு ஃபைலும் இதே அமைப்புதான். மூன்றாவது பிஎஃப் ஈசிஆர் ஃபைல் (பிஎஃப் போர்ட்டலில் ஏற்றும் மாதக் கணக்கு), #~# என்ற பிரிப்போடு.

இம்போர்ட் விசார்டில் டிடிஎஸ் ஃபைலைக் கொடுத்தால் பாதி வரிகளின் விவரம் இம்போர்ட் எரர்ஸ் டேபிளுக்குப் போய்விடுகிறது. ஈசிஆருக்கு என்றால், பிரிப்புக் குறி கேட்கும் பெட்டி ஒரு எழுத்துக்கு மேல் வாங்கவே மாட்டேன் என்கிறது. வங்கி ஃபைலுக்கு ஒரு ஸ்பெக் (எந்த விவரம் எங்கே என்ற இம்போர்ட் அமைப்பு) செய்து வைத்தேன். டி வரி சரியாக வருகிறது, எச் வரி துண்டு துண்டாகச் சிதறிப்போகிறது.

ஒவ்வொரு மாதமும் நோட்பேடில் திறந்து கையால் வெட்டி ஒட்டுகிறேன். இதற்கு ஒழுங்கான வழி இருக்கிறதா?

மதுரை_ஆடிட்டிங்

எக்செலில் திறந்து டெக்ஸ்ட் டு காலம்ஸ் போடுங்கள். ரெக்கார்டு வகையை ஃபில்டர் செய்து தனித்தனி ஷீட்டாக்குங்கள். பிறகு ஒவ்வொரு ஷீட்டையும் ஆக்சஸுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆபீஸில் அப்படித்தான் செய்கிறோம். கொஞ்சம் வேலைதான், ஆனால் கோடு எழுத வேண்டாம்.

ஆக்சஸ்97

தம்பி, மதுரைக்காரர் சொன்ன வழியில் ஒரு தடவை அவசரத்துக்குச் செய்யலாம். மாதாமாதம் செய்யாதீர்கள். யூஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) 12 இலக்கம். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு அடுக்குக்குறியில் காட்டும், அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் உண்மையான எண்ணே போய்விடும். வங்கிக் கணக்கு எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்களும் போகும். 15 இலக்கத்துக்கு மேல் நீளும் கணக்கு எண் என்றால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாக மாறிவிடும். சம்பளம் போடும் ஃபைலில் இதற்கெல்லாம் இடம் கொடுக்கவே கூடாது.

நான் கோவையில் மில்களுக்கு ஆக்சஸில் சம்பளக் கணக்கு எழுதித் தருகிறவன். ஆக்சஸ் 97 காலத்திலிருந்து இதே வேலை. இதுமாதிரி ஃபைல்களுக்கு நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்றே ஒன்று: பல வகை ரெக்கார்டு கலந்த ஃபைலை விசார்டிடம் கொடுக்கவே மாட்டேன். விசார்டின் தப்பில்லை அது. ஒரு ஃபைல் என்றால் ஒரே மாதிரியான காலங்கள்தான் (நெடுவரிசைகள்) இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது அது. ஃபைலின் அமைப்பைச் சொல்லும் ஸ்கீமா.ஐஎன்ஐ எழுதினாலும் இதே கதைதான். ஒரு ஃபைலுக்கு ஒரு அமைப்பு, பிரிப்புக்கு ஒரே எழுத்து.

உங்கள் டிடிஎஸ் ஃபைலின் ஐந்தாவது காலத்தை மட்டும் பாருங்கள். எஃப்எச் வரியில் அது ஃபைல் உருவான தேதி. பிஎச் வரியில் படிவத்தின் பெயர், அதாவது 24க்யூ. சிடி வரியில் அந்தச் செலானின் கீழ் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. டிடி வரியில் அந்த நபரின் வரிசை எண். ஒரே காலத்தில் நான்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன. விசார்ட் அதை எண் என்று முடிவு செய்தால் 24க்யூவைத் தள்ளிவிடும், 05072024 என்ற தேதி முன் பூஜ்யம் இழந்து 5072024 ஆகிவிடும். எரர்ஸ் டேபிள் நிறைவதற்குக் காரணம் இதுதான்.

அதனால் முதல் கட்டத்தில் எதையும் பிரிக்காதீர்கள். வரிகளை முழுசாக அப்படியே உள்ளே கொண்டுவாருங்கள். அதற்கு ஒரு டேபிள் போடுங்கள்: ஃபைல் எண், வரி எண், வகை, முழு வரி. முழு வரி என்ற ஃபீல்டு லாங் டெக்ஸ்ட்டாக இருக்க வேண்டும். ஷார்ட் டெக்ஸ்ட் 255 எழுத்தோடு நின்றுவிடும், பிஎச் வரியோ முகவரியெல்லாம் சேர்ந்து அதைத் தாண்டிப் போகும். வரி எண்ணை ஆட்டோநம்பரிடம் விடாமல் மாட்யூலில் நீங்களே ஏற்றிக்கொண்டு போங்கள். டேபிளுக்குள் போன வரிகளுக்கு வரிசை என்று எதுவும் கிடையாது. இந்த மாதிரி ஃபைலில் எந்த டி வரி எந்த எச் வரிக்குச் சொந்தம் என்பது பல நேரம் அது நிற்கும் இடத்தை வைத்துத்தான் தெரியும். வரி எண் போய்விட்டால் அந்த உறவும் போய்விடும். (டிடிஎஸ் ஃபைலில் இந்தக் கவலை குறைவு. அதில் முதல் காலமே வரி எண்தான், டிடி வரிக்குள்ளேயே அதன் செலானின் எண்ணும் இருக்கிறது. அமைத்தவர்கள் யோசித்துச் செய்திருக்கிறார்கள்.)

இரண்டாவது கட்டம் பிரிப்பது. வகையைப் பார்த்து செலக்ட் கேஸ் போடுங்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு டேபிள். குறியால் பிரித்த வரிக்கு, குறி வரும் இடமெல்லாம் வெட்டித் தரும் ஸ்ப்ளிட் ஃபங்ஷன் போதும். ஸ்ப்ளிட்டுக்கு எத்தனை எழுத்துள்ள பிரிப்புக் குறியும் கொடுக்கலாம், அதனால் #~# இங்கே ஒரு தொல்லையே இல்லை. காலியான காலங்களையும் அது விடாமல் எண்ணிக்கொள்ளும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம், ஐந்தாவது காலம் என்பது அணியில் 4. அகலம் வைத்துப் பிரித்த வங்கி வரிக்கு, சொன்ன இடத்திலிருந்து சொன்ன அளவு எழுத்தை எடுக்கும் மிட். எந்த வகையில், எந்த ஃபீல்டு, எங்கே தொடங்கி எத்தனை எழுத்து என்பதை மாட்யூலுக்குள் எழுதிப் புதைக்காமல் தனியாக ஒரு டேபிளில் வையுங்கள். வங்கி அமைப்பை மாற்றும் நாளில் அந்த டேபிளில் ஒரு வரியை மாற்றினால் வேலை முடிந்துவிடும்.

தேதிக்கு ஒரு எச்சரிக்கை. 05072024-ஐ வெட்டி 05/07/2024 ஆக்கி, இரண்டு பக்கமும் # போட்டு க்வெரியில் வைத்தால் ஆக்சஸ் அதை மே 7 என்று படிக்கும். உங்கள் கணினியில் இந்தியத் தேதி முறை இருந்தாலும் அப்படித்தான். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனியாக எடுத்து டேட்சீரியல் ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். 13-ஆம் தேதி முதல் தானாகவே சரியாகப் படித்துக்கொள்ளும் என்பதால் இந்தப் பிழை பாதி நாளில் கண்ணில் படாது.

மூன்றாவது கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஃபைலே தன்னைப் பற்றிச் சொல்லும் எண்ணிக்கைகளோடு நீங்கள் ஏற்றியதைச் சரிபாருங்கள். பிஎச் வரி எத்தனை செலான் என்று சொல்கிறது, சிடி டேபிளில் அத்தனை இருக்கிறதா? ஒவ்வொரு சிடியும் எத்தனை பேர் என்று சொல்கிறது, டிடி டேபிளில் அத்தனை பேர் வந்திருக்கிறார்களா? வங்கி ஃபைலில் கடைசி வரியின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும். ஒன்று உதைத்தாலும் முழு ஃபைலையும் தள்ளிவிட வேண்டும். அதற்காகத்தான் எல்லாவற்றையும் பிகின்டிரான்ஸ், கமிட்டிரான்ஸ் இரண்டுக்கும் நடுவில் செய்யச் சொல்கிறேன். கணக்கு உதைத்தால் ரோல்பேக், அதாவது ஏற்றியது எல்லாம் திரும்ப நீங்கிவிடும். பாதி ஏறிய ஃபைல் டேபிளில் கிடப்பதைவிட ஒன்றுமே ஏறாமல் இருப்பது எவ்வளவோ நல்லது. வேகமும் கூடும்.

வெளியே எழுதுவதற்கு இதையே தலைகீழாகச் செய்யுங்கள். அதை நாளை எழுதுகிறேன்.

சீக்குவல்_சென்னை

ஆக்சஸ்97 அண்ணா சொன்னது சரி. ஆனால் இவ்வளவையும் விபிஏவில் செய்வதற்குப் பதில் பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி எஸ்க்யூலைட்டில் ஏற்றினால் இன்னும் சுலபம். எஸ்க்யூலைட்டும் ஒரே ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸ்தான், ஆக்சஸுக்கு இருக்கும் 2 ஜிபி எல்லையும் இல்லை.

ஆக்சஸ்97

சென்னைத் தம்பி சொல்வதை மறுக்கவில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது நல்ல வழி. இவருடைய கேஸில் சம்பள மாஸ்டர், ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் ஆக்சஸில் இருக்கிறது. இவர் லீவில் போனால் அந்த ஆபீஸில் இன்னொருவர் ஒரு பட்டனை அழுத்தி ஃபைலை எடுக்க வேண்டும். அதை நினைத்துத்தான் சொல்கிறேன். எந்த மொழியில் எழுதினாலும் வரியை முழுசாக எடு, வகை பார்த்துப் பிரி, எண்ணிச் சரிபார் என்ற வரிசை மாறாது.

சரி, எக்ஸ்போர்ட்.

ஈசிஆரில் தலைப்பு வரி இல்லை, ஒரே வகை வரிதான். 11 காலம். ஒரு தொழிலாளியின் வரி இப்படி இருக்கும்:

யூஏஎன்#~#பெயர்#~#15000#~#15000#~#15000#~#15000#~#1800#~#1250#~#550#~#0#~#0

மொத்தச் சம்பளம், பிஎஃப் சம்பளம், பென்ஷன் சம்பளம், ஈடிஎல்ஐ (பிஎஃப்போடு சேர்ந்த காப்பீடு) சம்பளம், 12 சதவீதம், அதன் பிறகு பென்ஷனுக்குப் போகும் 8.33 சதவீதம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சம்பளமில்லா நாட்கள், திருப்பிய அட்வான்ஸ். 15000-க்கு 8.33 சதவீதம் 1249.50 வரும், ரூபாய்க்கு முழுதாக்கினால் 1250. வித்தியாசத்தைத் தனியாகச் சதவீதம் போட்டுக் கணக்கிடாதீர்கள். முழுதாக்கிய 1800-இலிருந்து முழுதாக்கிய 1250-ஐக் கழியுங்கள். அப்போதுதான் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்.

க்வெரியில் இந்த 11-ஐயும் & போட்டு ஒட்டி ஒரே காலமாக்குங்கள். ஒட்டுவதற்கு + வேண்டாம், ஒரு ஃபீல்டு நல் (மதிப்பே இல்லாதது) என்றால் முழு வரியும் நல் ஆகிவிடும். அந்த ஒற்றைக் காலத்தை டிரான்ஸ்ஃபர்டெக்ஸ்ட் என்ற ஆக்சஸ் கட்டளையில் ஸ்பெக் இல்லாமல் அனுப்பினால் ஒவ்வொரு வரிக்கும் இரு பக்கமும் மேற்கோள் குறி போட்டுவிடும், போர்ட்டல் ஏற்காது. மாட்யூலில் ஓப்பன் செய்து பிரிண்ட் # கட்டளையில் எழுதுங்கள். ரைட் # வேண்டாம், அதுவும் மேற்கோள் போடும்.

வங்கி ஃபைலுக்கு எச், டி, கடைசி வரி மூன்றையும் மூன்று க்வெரியாக எழுதி யூனியன் செய்யலாம், அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாக இணைக்கலாம். ஒவ்வொன்றிலும் வரிசைக்கென்று ஒரு காலம் வையுங்கள்: எச்சுக்கு 1, டிக்கு 2, கடைசி வரிக்கு 3. அதன்படி ஆர்டர் பை. இங்கே யூனியன் ஆல் என்று எழுதுவது கட்டாயம். வெறும் யூனியன் ஒரே மாதிரி இருக்கும் வரிகளில் ஒன்றைத்தான் விட்டுவைக்கும். ஒருவருக்குச் சம்பளமும் ஓவர்டைமும் ஒரே தொகையாக இரண்டு வரியில் போனால் ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போகும். லாங் டெக்ஸ்ட்டையும் 255 எழுத்தில் வெட்டிவிடும். யூனியன் ஆல் இரண்டையும் செய்யாது.

தொகையைப் பெரும்பாலும் பைசாவில், முன்னால் பூஜ்யம் நிரப்பிக் கேட்பார்கள். 13 இடம் என்றால் 13 பூஜ்யத்தோடு தொகையை ஒட்டி வலப்பக்கத்திலிருந்து 13 எழுத்து எடுங்கள். பெயருக்குப் பின்னால் வெற்றிடம் ஒட்டி இடப்பக்கத்திலிருந்து எடுங்கள். தொகை ஃபீல்டு கரன்சியாக இருக்கட்டும், டபுளாக இருந்தால் நூறால் பெருக்கி முழு எண் எடுக்கும்போது சில தொகைகளில் ஒரு பைசா குறையும். கரன்சி நான்கு தசம இடம்வரை துல்லியமாக வைத்திருக்கும்.

கடைசி வரியின் மொத்தத்தைச் சம்பள டேபிளிலிருந்து எடுக்காதீர்கள். எழுதிய டி வரிகளிலிருந்தே மிட் போட்டு வெட்டிக் கூட்டுங்கள். பிறகு அதைச் சம்பள டேபிளின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு வேறு வழியில் வந்து ஒன்றாக நின்றால் ஃபைல் சரி. ஒரே இடத்திலிருந்து எடுத்தால் எதைச் சரிபார்த்தோம் என்றே அர்த்தமில்லை.

கரூர்_பேரோல்

ரொம்ப நன்றி அண்ணா. டிடிஎஸ் ஃபைல் அப்படியே வந்துவிட்டது. எண்ணிக்கைகளும் ஒத்துப்போகின்றன. ஈசிஆரும் போர்ட்டலில் ஏறிவிட்டது.

இரண்டு இடத்தில் நிற்கிறேன். வங்கி அனுப்பிய முடிவு ஃபைலை லைன் இன்புட் # மூலம் படித்தால் முழு ஃபைலும் ஒரே வரியாக வருகிறது. நோட்பேடில் திறந்தால் தனித்தனி வரியாகத்தான் தெரிகிறது. இன்னொன்று, சம்பளச் சீட்டு அச்சடிப்பவருக்குத் தொழிலாளர் பெயரைத் தமிழில் கொடுக்க வேண்டும். டேபிளில் தமிழ் அழகாகத் தெரிகிறது. பிரிண்ட் # போட்டு எழுதினால் ஃபைல் முழுக்கக் கேள்விக்குறி.

ஆக்சஸ்97

முதலாவது: அந்த ஃபைல் விண்டோஸ் அல்லாத சர்வரில் உருவானது. விண்டோஸில் வரி முடிவுக்கு 13, 10 என்ற எண்ணுள்ள, கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறி. அங்கே 10 மட்டும்தான். லைன் இன்புட் 13-ஐத் தேடும், கிடைக்காததால் கடைசிவரை ஓடிவிடும். இப்போதைய நோட்பேடு இரண்டையும் காட்டும் என்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சம்பள ஃபைல் சின்னதுதானே, முழுசாக ஒரே ஸ்ட்ரிங்கில் எடுத்துக்கொண்டு, 13-ம் 10-ம் சேர்ந்து வரும் இடங்களை 10 ஆக மாற்றுங்கள். பிறகு 10 வைத்து ஸ்ப்ளிட் செய்யுங்கள். எந்த ஊர் ஃபைல் வந்தாலும் இது ஓடும். கடைசியில் ஒரு காலி வரி வரும், அதைத் தாண்டிப்போகச் சொல்லுங்கள். பழைய டாஸ் புரோகிராம்களின் ஃபைல் என்றால் கடைசியில் 26 என்ற குறியும் ஒட்டியிருக்கும், அதையும் நீக்கிவிடுங்கள்.

இரண்டாவது: ஆக்சஸ் 2000 முதல் டேபிளில் டெக்ஸ்ட் எல்லாம் யூனிகோடு. அதனால் உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது. பிரிண்ட் # மட்டும் விண்டோஸின் பழைய எட்டு பிட் கோடுபேஜுக்கு மாற்றித்தான் எழுதும். தமிழுக்கு அப்படி ஒரு கோடுபேஜே விண்டோஸில் கிடையாது. இடமில்லாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி விழுகிறது.

பிரிண்ட் #-க்குப் பதில் ஏடிஓடிபி.ஸ்ட்ரீம் என்ற ஆப்ஜெக்ட்டை எடுத்து, கேரக்டர்செட்டை யூடிஎஃப்-8 (யூனிகோடை ஃபைலில் எழுதும் முறை) என்று வைத்து எழுதுங்கள். படிப்பதற்கும் அதே. ஒன்று மட்டும் கவனம்: எழுதும்போது ஃபைலின் தலையில் மூன்று பைட் அடையாளக் குறி ஒன்றைத் தானாகச் சேர்க்கும். அச்சகத்து சாஃப்ட்வேர் அதைத் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். வேண்டாம் என்றால் ஸ்ட்ரீமைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, வகையை பைனரியாக மாற்றி, மூன்றாவது இடத்தில் நிறுத்தி, மீதியை இன்னொரு ஸ்ட்ரீமுக்கு நகலெடுத்து அதைச் சேமியுங்கள். பிறர் அனுப்பும் ஃபைலில் இந்தக் குறி இருந்தால், சாதாரணமாகப் படிக்கும்போது முதல் வரியின் வகை மட்டும் பொருந்தாமல் போகும். மற்ற எல்லா வரியும் சரி, எச் வரி மட்டும் அடையாளம் தெரியவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

விபிஏ எடிட்டருக்குள் தமிழை நேரடியாக எழுதாதீர்கள், அங்கேயும் கேள்விக்குறிதான். தலைப்பு மாதிரியான தமிழ்ச் சொற்களை ஒரு டேபிளில் வைத்து அங்கிருந்து எடுங்கள்.

அச்சகத்துக்கான ஃபைலும் அகலம் வைத்ததா? அப்படியென்றால் 40 இடம் என்று அவர்கள் சொல்வது எழுத்தா, பைட்டா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முருகேசன் என்ற பெயர் நம் கண்ணுக்கு 5 எழுத்து. கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி என்பதால் நீளம் சொல்லும் விபிஏவின் லென் 9 என்று சொல்லும். யூடிஎஃப்-8-இல் 27 பைட். லெஃப்ட் போட்டு வெட்டினால் கடைசி எழுத்தின் புள்ளி அறுந்து, ஒருவருடைய பெயர் தப்பாக அச்சாகும். தொழிலாளி கையில் வாங்கிப் பார்க்கும் சீட்டு அது. பெயரை வெட்டவே வெட்டாதீர்கள். டேப் வைத்துப் பிரித்த ஃபைலாக வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கரூர்_பேரோல்

கேட்டேன் அண்ணா. டேப் பிரிப்பே போதுமாம், யூடிஎஃப்-8 தான் வேண்டுமாம். அகலக் கணக்கு பழைய பிரிண்டருக்காக எழுதியதாம். வங்கி முடிவு ஃபைலும் இப்போது வரி வரியாக வருகிறது. அதில் நிராகரித்த டி வரிகளை மட்டும் மறுபடி ஒரு ஃபைலாக எழுதி அனுப்ப வேண்டும். அசல் வரியை அப்படியே எடுத்து அனுப்பலாமா?

ஆக்சஸ்97

கூடாது. முடிவு ஃபைலின் டி வரியில் வங்கி தன் காரணக் குறியை எழுதியிருக்கும். நீங்கள் முதலில் அனுப்பிய வரியில் தவறான கணக்கு எண் இருக்கும். இரண்டுமே அப்படியே போகக் கூடாது. முடிவு ஃபைலிலிருந்து ஆள் எண்ணை மட்டும் எடுங்கள். மாஸ்டரில் கணக்கு எண்ணைத் திருத்துங்கள். அந்த ஆட்களுக்கு மட்டும் அதே எக்ஸ்போர்ட்டை ஓட்டினால் புது எச் வரியும் புது மொத்தமும் தானாக வரும். அனுப்பிய ஒவ்வொரு ஃபைலின் வரிகளையும் ஃபைல் எண்ணோடு டேபிளில் விட்டுவையுங்கள், அழிக்காதீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு தடவை பணம் போயிற்றா என்று யாராவது கேட்டால் அந்த டேபிளைக் காட்டலாம்.